நாரி நிமிர்த்தும் கை

முள்ளியவளையிலும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரூற்று, வற்றாப்பளை, குமுழமுனைப் பக்கங்களிலும் நாரிப்பிடிப்பு வந்த ஒருவர் மாத்திரைக்கு முன்னால் தேடுவது ஒரு கையை. எண்ணெய் பூசி உருவத் தெரிந்தவர், சுளுக்கெடுப்பவர், முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வைத்தியர் என்று யாராவது ஒருவர் அருகில் இருப்பார். அவர் தடவிப் பார்த்து, எலும்பு விலகியிருக்கு, நரம்பு பிசகியிருக்கு, இடுப்பு ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு என்று காரணம் சொல்வார். அழுத்தி, இழுத்து, முறுக்கி, இப்போது சரி வந்துவிட்டது என்பார். போனவரும் பெரும்பாலும் நோக் குறைந்துதான் திரும்புவார். கொழும்பிலோ லண்டனிலோ பட்டம் பெற்ற ஒருவர் இதே காரியத்தைச் செய்யும்போது சொற்கள் மாறும், காரணம் மாறுவதில்லை. உடல் கோணியிருக்கிறது, கோணல்தான் நோவைத் தருகிறது, கை அந்தக் கோணலை எடுத்துவிட்டது என்ற மூன்று படி விளக்கமே அங்கும் கிடைக்கும். அந்த விளக்கம் பெரும்பாலும் பிழை. அந்தச் சுகம் பெரும்பாலும் உண்மை. இரண்டையும் பிரித்தறிவது எந்த ஊருக்கும் பயன்தான். ஆனால் இந்த ஊர்கள் அடங்கிய வன்னிக்கு அது அவசரத் தேவை. உடலின் நேர் உண்மையாகவே குலைந்துபோன மனிதர்கள், போரில் கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு வடம் அறுபட்டவர்களும், இங்கு ஏராளம். அவர்களுக்குக் கை செய்யவேண்டிய வேலை வேறு. அது நாரி உருவுவதை விட நுட்பமானது.

முதலில் நம்மிடம் உள்ளதைப் பார்ப்போம். சித்த மருத்துவம் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்துக்கொண்டது. புறமருத்துவத்தில் தொக்கணம் ஒன்று: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது செயல்கள் அதற்குள் அடங்கும். இன்றைய உடற்பிடிப்பு நிலையங்கள் விற்கும் நுட்பங்களில் இந்த ஒன்பதுக்கு வெளியே நிற்பவை மிகச் சில. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இந்த மரபின் ஈழத்துக் கிளைக்குச் சான்று. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் உள்நாட்டு வைத்தியத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டதால், முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வைத்தியர் சட்டப்படி பதிவு பெறக்கூடியவர். ஒளித்து மறைத்துத் தொழில் செய்பவர் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. இந்த மரபில் மிகவும் உறுதியாக நிற்பது முறிவு பார்க்கும் பகுதிதான். அனுபவமுள்ள வைத்தியர் முறிந்த கையை உடனே தொடமாட்டார். நோவில்லாத கையை முதலில் தடவுவார். அதன் நீளத்தையும் வளைவையும் விரலில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே அடிபட்ட பக்கத்துக்குப் போவார். எலும்பு நறநறப்பது எங்கே, வீக்கத்துக்கு அடியில் படி எங்கே என்று தேடுவார். ஒருவர் மேற்பகுதியைப் பிடிக்க, தான் கீழ்ப்பகுதியை மெல்ல நீட்டி இழுத்து, முனைகளைச் சேர்த்து, பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டுவார். இங்கே ‘விலகல்’ என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. எலும்பு விலகியது கண்ணுக்குத் தெரியும். சேர்ந்ததா இல்லையா என்பதை எக்ஸ்ரே சொல்லும். பிழைத்தால் கை கோணலாக ஒட்டி ஊரே பார்க்கும். தன் பிழையை மறைக்க முடியாத தொழில் அது. சிக்கல், முறிவுக்குரிய இந்தச் சொல்லை முறிவே இல்லாத நாரி நோவுக்குக் கொண்டுபோகும்போதுதான் தொடங்குகிறது.

அந்தத் தாவலை நம்மவர்கள் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஸ்டில் 1874இல் ஒஸ்ரியோபதியை அறிவித்தார். டானியல் பாமர் 1895இல் கைரோபிராக்டிக் என்ற முறையைத் தொடங்கினார். இருவருக்கும் எலும்பு இடம் மாறுவதே பல நோய்களுக்கு வேர். இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கருத்துக்கு மிகக் கவர்ச்சியான வடிவம் கொடுத்தவர் ஐடா ரோல்ஃப் (1896–1979). கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், எலும்பை விட்டுவிட்டு, தசைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் தசையுறைச் சவ்வைப் பிடித்துக்கொண்டார். காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஐந்தும் தூக்குநூல் விட்டதுபோல ஒரே கோட்டில் நிற்கவேண்டும். நின்றால் புவியீர்ப்பு உடலைத் தாங்கும், நிற்காவிட்டால் தின்னும் என்பது அவருடைய கோட்பாடு. நுட்பம் பத்து அமர்வுகளாக வகுக்கப்பட்டது. முதல் மூன்றில் மார்பு, பாதம், பக்கவாட்டு என மேலடுக்கு. நடு நான்கில் உள்தொடை, வயிறு, முதுகு, கழுத்து என உள்ளடுக்கு. கடைசி மூன்றில் எல்லாவற்றையும் இணைத்தல். கைமுட்டியாலும் முழங்கையாலும் மிக மெதுவாக ஆழ அழுத்தி, அதே நேரத்தில் படுத்திருப்பவரை மூட்டை அசைக்கச் சொல்வார்கள். ஜெல்லி இளகுவதுபோல அழுத்தத்தில் சவ்வு இளகி, புதிய நீளத்தில் மறுபடி இறுகும் என்று விளக்கம். தொடங்குமுன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் எடுப்பது அவர்கள் வழக்கம். படத்துக்கு நிற்கும் எவரும் இரண்டாம் முறை கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பார் என்பது வேறு கதை. அவருக்கு முன்பே, தாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955) வேறொரு வழியில் போயிருந்தார். மேடையில் குரல் அடைத்துப்போன அந்த நடிகர், கண்ணாடி முன் நின்று தன் தலையைத் தானே பின்னுக்கு இழுத்துக் கழுத்தை நெரிப்பதைக் கண்டுகொண்டார். அவருடைய முறையில் ஆசிரியரின் கை அழுத்துவதில்லை. கதிரையிலிருந்து எழும்பும்போது கழுத்தின் பின்புறத்தில் இலேசாகப் பட்டபடி இருந்து, பழைய பழக்கம் தலைதூக்கும் கணத்தை உணரச் செய்யும். மருத்துவம் என்றுகூட அதை அவர்கள் சொல்வதில்லை, பாடம் என்கிறார்கள். ரோல்ஃபின் கை திருத்தும் கை, அலெக்சாண்டரின் கை கற்பிக்கும் கை. இந்த வேறுபாடுதான் பிறகு வந்த ஆய்வுகளில் தீர்ப்பைத் தந்தது.

திருத்தும் கை பற்றிய ஆய்வுகள் இரக்கமற்றவை. 2008இல் அமெரிக்க ஒஸ்ரியோபதிச் சங்கத்தின் சொந்த ஆய்விதழிலேயே சௌத்ரியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தொடையின் பக்கத்திலும் உள்ளங்காலிலும் இருக்கும் தடித்த சவ்வை ஒரே ஒரு சதவீதம் அமுக்கவோ சறுக்கவோ வேண்டுமென்றாலும் தேவைப்படும் விசை, மனிதக் கை தரக்கூடிய எல்லைக்கு வெகு அப்பால் இருந்தது. மூக்கருகே உள்ள மெல்லிய சவ்வு மட்டுமே கைக்கு இணங்கியது. கைக்குக் கீழே ஏதோ இளகுவதை வைத்தியர் உணர்கிறார் என்பது பொய்யல்ல. இளகுவது சவ்வு அல்ல, தசையின் இறுக்கம். எலும்பு விலகல் கதைக்கு இன்னும் கடுமையான சோதனை 1998இல் சுவீடனில் நடந்தது. துல்பேரியும் சகாக்களும், இடுப்பெலும்பும் திரிக எலும்பும் சேரும் மூட்டு ‘விலகியிருப்பதாக’க் கையால் கண்டறியப்பட்ட பத்துப் பேரின் எலும்புகளில் நுண்ணிய உலோகக் குறிகள் வைத்து, கைச்சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முப்பரிமாண எக்ஸ்ரேயால் அளந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு தடவிப் பார்த்தவர்களின் கை, மூட்டு இடத்துக்கு வந்துவிட்டது என்றது. எக்ஸ்ரே, அது அசையவே இல்லை என்றது. இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூட்டு அசையாததல்ல, பயிற்சி பெற்ற கைகள் ஒருமித்து ஏமாந்தது. மறுபக்கம், கோணலுக்கும் நோவுக்கும் உள்ள உறவும் நாம் நினைப்பதை விட மெலிந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 17 வயதுடைய ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கழுத்து நிலையை அளந்து 2016இல் வெளியான ஆய்வில், குனிந்த கழுத்துக்காரருக்கு நிமிர்ந்த கழுத்துக்காரரை விட கழுத்து நோவோ தலையிடியோ அதிகம் இருக்கவில்லை. முள்ளந்தண்டுத் தட்டுத் தேய்வு நோவே இல்லாத இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், நோவே இல்லாத எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் இருக்கிறது என்று 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்த பிரிஞ்சிக்ஜி குழு காட்டியது. படத்தில் தேய்வைக் காட்டி நாரி நோவை விளக்குபவர், நரைத்த தலையைக் காட்டித் தலையிடியை விளக்குபவருக்கு அதிக தூரத்தில் இல்லை.

அப்படியானால் சுகம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, காலத்திலிருந்து. திடீரென வந்த நாரிப்பிடிப்பு எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் வெகுவாகக் குறையும். நோ உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ஆள் வைத்தியரிடம் போகிறார் என்பதால், அடுத்த வாரத்து முன்னேற்றம் முழுவதும் கையின் கணக்கில் வரவாகிவிடுகிறது. ஆனால் இதோடு விஷயத்தை முடித்தால் அநியாயம். அழுத்தமும் அசைவும் தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்நரம்புகளைத் தூண்ட, முள்ளந்தண்டு வடமும் மூளையும் நோவின் செய்தியைக் குறைத்து வாங்குகின்றன. காவலாக இறுகியிருந்த தசை சிறிது நேரம் காவலை விடுகிறது. கைச்சிகிச்சை வேலை செய்யும் வழி எலும்பில் அல்ல, நரம்பில் என்ற இந்த விளக்கத்தையே இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கிறார்கள். அது மெய்யான சுகம். ஆனால் குறுகிய சுகம். எவ்வளவு குறுகியது என்பதை 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. நாட்பட்ட நாரி நோ உள்ள 579 பேரை அவர்கள் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: வழமையான பராமரிப்பு, ஆறு தடவை மசாஜ், ஆறு அலெக்சாண்டர் பாடம், 24 அலெக்சாண்டர் பாடம். மூன்று மாதத்தில் மசாஜ் பெற்றவர்களும் நன்றாகவே இருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அன்றாட வேலைகளில் அவர்கள் பெற்ற நன்மை ஏறக்குறைய கரைந்திருந்தது. வழமையான பராமரிப்புப் பெற்றவர்கள் நான்கு வாரத்தில் நடுமதிப்பாக 21 நாட்கள் நோவோடு இருக்க, 24 பாடம் கற்றவர்கள் 3 நாட்கள் மட்டுமே நோவோடு இருந்தார்கள். அலெக்சாண்டரின் கோட்பாடு முழுவதும் சரியென்று இதைக் கொண்டு நான் வாதிடமாட்டேன். தலையும் கழுத்தும் எல்லாவற்றையும் ஆள்கின்றன என்ற அவருடைய நம்பிக்கைக்கு இந்த எண்கள் சான்றாகா. ஆனால் ஒன்று தெளிவு. கை ஒரு வாசலைத் திறக்கிறது. அந்த நேரத்தில் ஆள் புதிதாக ஏதாவது அசையக் கற்றுக்கொண்டால் நன்மை தங்கும், படுத்துக்கிடந்து எழுந்து போனால் தங்காது.

இவையெல்லாம் அலுவலகக் கதிரைக்காரரின் ஆய்வுகள், கச்சான் பிடுங்குபவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் பொருந்துமா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். வன்னியின் உடல்கள் வேறு வேலை செய்கின்றன. கச்சான் தோட்டத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து களை எடுப்பதும், முல்லைத்தீவுக் கடற்கரையில் இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்துக் கரைவலைக் கயிற்றை இழுப்பதும், நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றுவதும் எந்தத் தூக்குநூலுக்கும் அடங்காத நிலைகள். ஆனால் இந்த எதிர்வாதம் கோணல் கோட்பாட்டுக்குத்தான் எதிராகத் திரும்புகிறது. இந்த வேலைகளை நேராக நின்று செய்ய எவராலும் முடியாது. நேர் குலைவதே நோவுக்குக் காரணமென்றால் இங்கு நோவற்ற மனிதரே இருக்கக் கூடாது. ஒரே நிலையில் எவ்வளவு நேரம், எவ்வளவு பாரம், போன வாரம் செய்யாத வேலையை இந்த வாரம் எத்தனை நாள், இரவு நித்திரை இருந்ததா என்ற கேள்விகள் முதுகின் வளைவை விட அதிகம் சொல்லும். போகம் தொடங்கும் வாரங்களில் நாரிப்பிடிப்பு கூடுவது முதுகு திடீரெனக் கோணியதால் அல்ல. மாதக்கணக்கில் சும்மா இருந்த முதுகு ஒரே நாளில் முழுப் பாரத்தைச் சுமந்ததால்.

இனி, நேர் உண்மையாகவே குலைந்த உடல்களுக்கு வருவோம். போரின் கடைசி மாதங்களில், 2009 மே வரை, முள்ளிவாய்க்காலை நோக்கி ஒடுக்கப்பட்ட மக்களில் கால் இழந்தவர்களும், அதற்கு முந்திய ஆண்டுகளின் கண்ணிவெடிகளில் இழந்தவர்களும் முல்லைத்தீவு மாவட்டத்தில் நிறைந்திருக்கிறார்கள். இவர்களுக்கான கால் கிடைத்த வரலாறு தனியே எழுதத்தக்கது: யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம், போர்க்காலக் கிளிநொச்சியில் இயங்கிய வெண்புறா நிறுவனம். ஜெய்ப்பூர்ப் பாதமே 1968 அளவில் ராஜஸ்தானில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கவும், சேற்றில் இறங்கவும், குந்தவும் வேண்டிய மக்களுக்கென்று செய்த றப்பர்ப் பாதம். செயற்கைக் கால் பொருத்துவதில் ‘நேர்’ என்பது உருவகமல்ல, அளவு. முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கு அச்செடுக்கும்போது தொழில்நுட்பவியலாளர் ஈரமான பாரிஸ் சாந்துத் துணியைச் சுற்றி, முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் இரு பக்கமும் தன் கட்டைவிரல்களை அழுத்தி, சாந்து இறுகும்வரை அப்படியே வைத்திருப்பார். பாரத்தைத் தாங்கப்போகும் இடம் அந்த இரண்டு விரல்தடங்கள்தான். கால் தயாரானதும் ஆளை நிற்கவைத்து, பின்னால் குந்தியிருந்து, இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துப் பார்ப்பார். ஒரு கை தாழ்ந்தால் அந்தப் பாதத்துக்குக் கீழே மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, கைகள் இரண்டும் சமமாகும்போது நிறுத்துவார். குறைந்த நீளம் பலகைகளின் தடிப்பில் எழுதியிருக்கும். பிறகு நடை. பாதம் சற்று முன்னுக்குப் பொருத்தப்பட்டிருந்தால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும், மேட்டில் ஏறுவதுபோல நடப்பார். சற்றுப் பின்னுக்கு இருந்தால் முழங்கால் மடங்கப் பார்க்கும், பள்ளத்தில் இறங்குவதுபோல நடப்பார். சில மில்லிமீற்றர் வேறுபாடு போதும். 1990களில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உருவாக்கிய பொலிபுரோப்பிலீன் கால்களில் இந்தச் சாய்வைத் தட்டுகளால் திருப்பி மாற்றலாம். குழாய்ப் பிளாஸ்ரிக்கில் வார்க்கும் மரபான ஜெய்ப்பூர்க் காலில் அந்த வசதி இல்லாததால், முதலில் பொருத்துபவரின் கண்ணும் கையுமே முடிவு.

கால் இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விடாத நாரி நோவைச் சொல்கிறார்கள் என்று 2001இல் அமெரிக்காவில் ஏடேயும் குழுவும் 255 பேரிடம் கேட்டு எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒருவர் முள்ளியவளையில் நாரியை உருவக் கொடுத்தால் அன்றிரவு நன்றாகத் தூங்குவார். மறுநாள் அதே காலைப் போட்டு அதே மாதிரி நடப்பார். அவருக்குக் கை வைக்கவேண்டிய இடம் நாரி அல்ல, இடுப்பெலும்பின் விளிம்பும் காலின் நீளமும். எஞ்சிய கால் காலப்போக்கில் மெலியும், அதை ஏந்தும் செயற்கைக் காலின் கிண்ணம் தளரும், தளர்ந்த கிண்ணத்துக்குள் கால் இறங்க, ஆள் அந்தப் பக்கம் குட்டையாவார். பழகிய செருப்பை விட்டுக் குதி உயர்ந்த சப்பாத்தை வாங்கினால்கூட முழு நேரும் மாறிவிடும். இவையெல்லாம் தடவித் தீராதவை, அளந்தால் தீர்பவை. உடலின் நேர் எந்த நோவுக்கும் காரணமே அல்ல என்று மேலே சொன்ன ஆய்வுகளை நீட்டிப் பேசுபவர்களோடு நான் பிரிவது இந்த இடத்தில். இரண்டு சொந்தக் கால்களில் நிற்பவரின் உடல் சிறு கோணல்களைத் தானே சமாளிக்கும். சமாளிக்கும் உறுப்பையே இழந்தவருக்கு, அளவு கடந்த முள்ளந்தண்டு வளைவு உள்ளவருக்கு, கோணல் கணக்கில் வரும்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களிடம் இது இன்னும் கூர்மையாகிறது. மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்பு இப்படிப்பட்டவர்கள் தங்களுக்காகத் தாங்களே கூடியது. இவர்களுக்கு இருக்கும் விதம் அழகுக் கேள்வி அல்ல, உயிர்க் கேள்வி. சக்கர நாற்காலியின் துணி இருக்கை தொய்ந்தால் இடுப்பு பின்னுக்குச் சரியும், முதுகு கூனும், பாரம் முழுவதும் வால் எலும்பில் விழும். உணர்வற்ற தோல் முறையிடாது. சில மணி நேரத்தில் சிவக்கும், சில நாட்களில் புண்ணாகும், அந்தப் புண் எலும்புவரை போகும். அதனால்தான் படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவதும், நாற்காலியில் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்குவதும். இருக்கை பார்க்கும் இயன்மருத்துவரின் கை இங்கு செய்வது இரண்டு காரியம். இடுப்பின் முன்பக்க எலும்பு முனைகள் இரண்டிலும் கட்டைவிரல்களை வைத்து, சரிந்த இடுப்பு கையால் தள்ளினால் நிமிருகிறதா, இறுகி நிற்கிறதா என்று பார்ப்பார். நிமிருமானால் மெத்தை அதைத் திருத்தும். இறுகியிருந்தால் திருத்த முயல்வதே புண்ணை வரவழைக்கும், கோணலுக்கு இடம் கொடுத்து மெத்தை வெட்டவேண்டும். அடுத்து, ஆள் இருக்கும்போதே உள்ளங்கையை மேலே பார்க்க மெத்தைக்கும் உடலுக்கும் நடுவே செருகி, இருக்கை எலும்பு கையில் குத்துகிறதா என்று தேடுவார். எந்த இயந்திரமும் இல்லாத கிராமத்தில் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. குடும்பத்தினர் காலையும் மாலையும் காலை நீட்டி மடக்கி விடுவது வேறு கதை. மூட்டு இறுகாமல் தடுக்கும் என்று நம்பித்தான் செய்கிறார்கள். ஆனால் 49 ஆய்வுகளைத் தொகுத்து அவுஸ்திரேலியாவின் லீசா ஹார்வி குழு 2017இல் வெளியிட்ட கொக்ரேன் மதிப்பாய்வு, மாதக்கணக்கில் நீட்டி விட்டாலும் மூட்டின் அசைவில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை என்று முடித்தது. தொடுதலும் அக்கறையும் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். நாளில் இருபது நிமிடம் நீட்டுவதை விட, மீதி நேரம் முழுவதும் கால் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் அந்த உழைப்பைச் செலவழிக்கலாம்.

இப்படி எழுதுவது பரம்பரை வைத்தியத்தை இறக்கிப் பேசுவதாகாதா என்ற கேள்வி வரும். ஆகாது என்பது என் துணிபு. சுவீடன் எக்ஸ்ரேயில் தோற்றது மேற்கத்தேயப் பயிற்சி பெற்ற கை; ஆய்வுகளில் அதிகம் அடிபட்ட கோட்பாடு கொலம்பியாவில் கலாநிதியானவருடையது. முறிவு பார்க்கும் நம் வைத்தியர், எதிர்ப்பக்கத்தை முதலில் தொட்டு அளவை விரலில் வாங்குகிறாரே, அந்த ஒழுக்கம் செயற்கைக் கால் பொருத்துபவரின் ஒழுக்கத்துக்கு நெருங்கிய உறவு. விட்டுவிடவேண்டியது ஒரு வாக்கியம் மட்டும்: எலும்பு விலகியிருக்கு, நான் சரியாக்கிவிட்டேன். அந்த வாக்கியம் தீங்கற்றதுபோலத் தோன்றும். ஆனால் அதைக் கேட்டவர் தன் முதுகை உடையக்கூடிய பொருளாக நினைக்கத் தொடங்குவார், குனியப் பயப்படுவார், ஒவ்வொரு பிடிப்புக்கும் திரும்பி வருவார். ‘பிடிப்பு இளகியிருக்கு, இனி இரண்டு நாள் இப்படி இப்படி நடந்து பார்’ என்று சொல்லும் அதே கை, அதே எண்ணெயோடு, அதிக நன்மை செய்யும்.

வன்னியில் கை வைப்பவர் தெரிந்திருக்கவேண்டிய ஆபத்துகளும் உண்டு. இவை எந்த மேற்குநாட்டுப் பாடநூலிலும் முதல் பக்கத்தில் வருவதில்லை. இங்கு பலருடைய உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எடுத்தால் கூடுதல் சேதம் என்று மருத்துவர்கள் விட்டுவைத்தவை அவை. அவற்றின் மேல் ஆழ அழுத்துவது வெறும் நோவோடு முடியாமல் போகலாம். இயக்கமற்ற கால்களின் எலும்பு சில ஆண்டுகளில் சுண்ணமிழந்து மெலிந்துவிடும். பலமாக முறுக்கினால் உடையும், உடைந்தது ஆளுக்கே தெரியாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே குருதி உறைந்திருக்கலாம். அதை உருவுவது உயிருக்கே கேடு. நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ வடம் அறுபட்டவருக்கு, உணர்வற்ற பகுதியில் பலமாக அழுத்தினாலே இரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறலாம். தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை கண்டால் உடனே நிறுத்தி, ஆளை நிமிர்த்தி இருத்தவேண்டும். முள்ளியவளையிலிருந்து யாழ்ப்பாணத்துக் கால் பட்டறைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை ஒரு செயற்கைக் காலின் நீளம் பார்ப்பதற்காக ஒருவர் பஸ்ஸில் போய்வருவதை விட, பலகைகளோடு ஒரு தொழில்நுட்பவியலாளரும் மெத்தை பார்க்கும் ஓர் இயன்மருத்துவரும் குறித்த நாளில் இங்கு வருவது மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குக் கட்டாத செலவல்ல. அந்த நாளில் ஊரின் பதிவு பெற்ற வைத்தியர்களையும் பக்கத்தில் இருத்தி இடுப்பு அளக்கக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்தக் கைகள் விரைவில் பழகிக்கொள்ளும். அதுவரைக்கும், உருவக் கை வைக்கும் எவரும் எண்ணெய்ப் போத்தலைத் திறக்குமுன் மூன்று விஷயம் கேட்கட்டும்: உடம்பில் துண்டு இருக்கிறதா, நான் தொடுவது தெரிகிறதா, இந்தக் கால் எப்போதிருந்து வீங்கியிருக்கிறது.